மதுரைச் சீமையைக் கேட்டு எழுதியவர்கள்

பாண்டியரையும் நாயக்கரையும் பற்றிப் பேசுவதற்கு மதுரைக்குக் கல்வெட்டும் செப்பேடும் தலபுராணமும் குறைவின்றி இருக்கின்றன. ஆனால் அம்மன்னர்கள் ஆண்ட நாளில் உசிலம்பட்டிப் பக்கத்துப் புன்செயை உழுத குடியானவன் தன் மகளை எந்த முறைக்காரனுக்குக் கொடுத்தான், காதுகுத்துக்கு வந்த தாய்மாமன் தாம்பாளத்தில் என்னென்ன ஏந்தி வந்தான், அழகரைக் காண வந்து முடியிறக்கியவன் எந்த நேர்த்திக்கடனுக்காக இறக்கினான் என்பவற்றையெல்லாம் கல்லில் வெட்டி வைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றியதில்லை. ஜனங்களின் அன்றாட வாழ்வை நாம் அறிய வேண்டுமானால், ஊருக்குள் நேரே சென்று தங்கி, கண்ணால் கண்டு, காதால் கேட்டு, கேட்டதைக் கேட்டவாறே குறித்து வைத்தவர்களைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இன்று இனவரைவியல் என்ற பெயரில் பல்கலைக்கழகங்களில் ஒரு தனிச் சாஸ்திரமாக விளங்கும் இம்முயற்சி, மதுரைச் சீமையில் நானூறு ஆண்டுச் சரித்திரம் உடையது. அச்சரித்திரத்தைப் படிக்கும்போது ஒரு வினாவைக் கைவிடாமல் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் அபிப்பிராயம்: எழுதியவர் எதற்காகக் கேட்டார்? கேட்டவரின் நோக்கம் எதுவோ அதற்குத் தக்கபடியே அவருக்கு விடை கிடைத்திருக்கிறது. அந்த விடையின் பலனையும் பல சமயங்களில் கேட்டவர் அல்லர், சொன்னவர்களே அனுபவித்திருக்கிறார்கள்.

முதலில் கேட்டவர்கள் பாதிரிமார். 1595 முதல் மதுரையில் ஒரு சிறு மாதாகோயில் வைத்துக்கொண்டு வாழ்ந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியர் முன்பு போர்வீரராக இருந்தவர். கடற்கரையிலிருந்து வந்து நகரில் தங்கியிருந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாடு நடத்துவதே அவருடைய வேலையாக இருந்தது. 1606இல் அங்கே வந்து சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி என்னும் இத்தாலிய இளைஞரோ, பரங்கி என்ற பெயரோடு இந்த ஊரில் எவருடைய வாசற்படியையும் ஏற முடியாது என்பதைச் சில நாளிலேயே உணர்ந்து, காவி உடுத்தி, மாமிசம் நீக்கி, தனி வீட்டில் சந்நியாசியைப் போல அமர்ந்து, தமிழும் சமஸ்கிருதமும் கற்கத் தொடங்கினார். இவ்விருவருக்கும் மூண்ட விவாதம் ரோமாபுரி வரை சென்றது. பூணூலும் குடுமியும் சந்தனமும் மதத்தின் சின்னங்களா, குலத்தின் சின்னங்களா என்பதே விவாதப்பொருள். குலச் சின்னங்களே என்று சாதித்து, 1613இல் லத்தீன் பாஷையில் இந்நாட்டு ஆசாரங்களைப் பற்றி ஒரு நூல் செய்தார் நொபிலி. அதை மறுக்கப் புகுந்த பெர்னாண்டஸ் 1616இல் போர்ச்சுகீசிய பாஷையில் மற்றொரு பெரிய கிரந்தத்தை எழுதி, உபநயனத்தையும் விவாகத்தையும் அபரக்கிரியையையும் படிப்படியாக விவரித்தார். 1623இல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி நொபிலியின் பக்கமாகத் தீர்ப்பளித்தார்.

தீர்ப்பு எவ்வாறாயினும், நமக்கு இன்று பயன்படுவது இருவரும் எழுதி வைத்த விவரங்களே. நொபிலி தத்துவ நோக்கில் பொதுமை தேடினார். பெர்னாண்டஸ் எதிரியின் வாதத்தை உடைக்க வேண்டுமென்ற ஆத்திரத்தில் ஒவ்வொரு சடங்கையும் துருவித் துருவிக் கேட்டு எழுதினார். கல்வியில் நொபிலிக்கு ஈடாகாத அந்தப் பழைய போர்வீரரின் நூல்தான் அக்காலத்து மதுரை வீடுகளின் உள்ளே நம்மை அதிகமாக அழைத்துச் செல்கிறது என்று சொல்லலாம். ஆனால் இருவர் நூலிலும் பிராமண வீட்டைத் தாண்டிய மதுரை அநேகமாக இல்லை. அவர்கள் வெல்ல விரும்பியது பண்டிதர்களை. ஆகவே பண்டிதர்களையே கேட்டார்கள்.

அடுத்துக் கேட்டவர்கள் அரசாங்கத்தார். சென்னை சிவில் உத்தியோகத்தைச் சேர்ந்த ஜே. எச். நெல்சன் 1868இல் வெளியிட்ட 'மதுரை நாடு' என்னும் பெருநூல், பாதிரிமார் கடிதங்களையும் சுவடிகளையும் வைத்து நாயக்கர் சரித்திரத்தைக் கோவைப்படுத்தியதில் இன்றும் மதிக்கத்தக்கது. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்டக் கெஜட்டியரும் நீர்ப்பாசனம், நிலவரி, சாதி, திருவிழா என்று பல விஷயங்களைச் செறிவாகச் சொல்லுகிறது. இவ்விரு நூல்களையும் குறைவாக மதிப்பவன் அல்லேன். எனினும், அவை கச்சேரியில் அமர்ந்திருப்பவரின் கண்கொண்டு பார்த்த நூல்கள். அக்கண்ணுக்குக் குடிகள் இரு வகையாகவே பட்டார்கள்: வரி கட்டுகிறவர்கள், தொந்தரவு கொடுக்கிறவர்கள்.

சென்னை அரும்பொருட்சாலையின் தலைவராக 1885 முதல் இருந்த எட்கர் தர்ஸ்டனின் முயற்சி வேறு விதமானது. ஜனங்களின் தலையையும் மூக்கையும் கருவிகொண்டு அளந்தால் சாதிகளின் மூலம் புலப்படும் என்று அந்நாளில் ரிஸ்லி முதலிய ஆங்கில அதிகாரிகள் நம்பினார்கள். அந்த நம்பிக்கையோடு தர்ஸ்டன் ஊர் ஊராக அளவுகோலைச் சுமந்து திரிந்தார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களுள் அழகானவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்து அரும்பொருட்சாலையில் நிறுத்தப் போகிறார் என்று அஞ்சி ஓடிய செய்தியை அவரே எழுதியிருக்கிறார். அப்பெண்களின் அச்சம் அறியாமை என்று தள்ளத்தக்கதன்று. தம்மை மனிதராகப் பாராமல் மாதிரிப் பொருளாகப் பார்க்கிறார்கள் என்பதை அவர்கள் சரியாகவே உணர்ந்திருந்தார்கள். கே. ரங்காசாரியின் துணையோடு 1909இல் ஏழு தொகுதிகளாக அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' இன்றும் பலர் எடுத்தாளும் நூல். அதில் அளவுகளை எவரும் இப்போது நம்புவதில்லை, அங்கங்கே கேட்டெழுதிய கதைகளையும் சடங்குகளையுமே தேடிப் படிக்கிறார்கள்.

இந்த எழுத்துக்கள் ஏட்டோடு நின்றிருந்தால் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவை ஏட்டோடு நிற்கவில்லை. மதுரைக்கு மேற்கே திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் வாழும் பிரமலைக் கள்ளர் பல தலைமுறையாக ஊர்க்காவல் உரிமை உடையவர்களாக இருந்தார்கள். அறுவடையில் காவலுக்கு ஒரு பங்கு. களவு போனால் பொருளை மீட்டுத் தருவது அல்லது ஈடு செய்வது காவற்காரன் பொறுப்பு. மீட்டுத் தருவதற்குத் துப்புக்கூலி. போலீஸ் ஸ்தாபனம் வந்தபின் இவ்வழக்கம் அரசாங்கத்தின் கண்ணில் அத்துமீறலாகப் பட்டது. 1896இல் திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் காவலுக்கு எதிராகக் கிளர்ந்ததும் அவ்வபிப்பிராயத்தை உறுதிப்படுத்தியது. ஒரு தொழில் ஒழிக்கப்பட்டதனால் நேர்ந்த அவஸ்தையை ஒரு சாதியின் பிறவிக் குணமாக எழுதி வைத்த பக்கங்கள், பின்னர்ச் சட்டம் இயற்றுவோருக்குச் சாட்சியமாக அமைந்தன. குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவுபடுத்தப்பட்டது. 1918இல் அதன் கீழ்ப் பிரமலைக் கள்ளர் கொண்டுவரப்பட்டனர். ரேகை வைக்க வேண்டும். இரவில் கச்சேரியில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ஏர் பிடித்து உழுது சாப்பிடுகிறவனுக்கும் இதே விதி. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் போலீசார் சுட்டதில், மாயக்காள் என்ற பெண்மணி உள்ளிட்டுப் பலர் மாண்டார்கள். கள்ளர்களுக்காக வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை, சட்டையில் ரோஜா அணியும் அவருடைய வழக்கத்தை வைத்து, ரோசாப்பூ துரை என்று அம்மக்கள் அழைத்தார்கள்; அப்பெயரைப் பிள்ளைகளுக்கும் இட்டார்கள். தங்களுக்காகப் பேசிய ஒருவரை நினைவில் வைத்துக்கொள்ள அவர்கள் கைக்கொண்ட முறை இது. சட்டம் இம்மாகாணத்தில் 1947இல் நீங்கியது.

நீங்கி இரண்டு ஆண்டுகளுக்குள், நோட்டுப்புத்தகமும் கேள்விகளுமாக மற்றொரு வெள்ளைக்காரர் அந்த நாட்டுக்குள் நுழைந்தார். லூயி துய்மோன் என்ற அந்தப் பிரெஞ்சுக்காரர் 1911இல் பிறந்தவர். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜெர்மனியரிடம் கைதியாகச் சிக்கி, கைதியாக இருந்த காலத்திலேயே ஹாம்பர்க் நகரத்துச் சமண சாஸ்திர பண்டிதர் ஷூப்ரிங்கிடம் சமஸ்கிருதம் கற்றவர். தம் நாட்டின் தெற்கே தாரஸ்கோன் என்னும் சிற்றூரில் பூதாகாரமான ஒரு மிருகத்தின் உருவை ஊர்வலம் விடும் திருவிழாவை நேரில் ஆராய்ந்து ஒரு நூல் எழுதியவர். சொந்த நாட்டுக் குடியானவர்களின் திருவிழாவைக் கௌரவமாகப் பார்க்கப் பழகிய கண்ணோடு அவர் இங்கே வந்தார் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அவருக்கு வசூலிக்க வரி இல்லை; நிரூபிக்கக் குற்றம் இல்லை. 1949, 1950ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டில் தங்கிய அவர், அக்காலத்தில் பல மாதங்களைப் பிரமலைக் கள்ளரிடையே கழித்தார். அவ்வாராய்ச்சி 1957இல் பிரெஞ்சு பாஷையில் நூலாக வந்தது. ஆங்கிலத்தில் வர 1986 ஆயிற்று.

எட்டு நாடும் இருபத்து நான்கு உபகிராமமும் என்று அம்மக்கள் தம் அமைப்பைச் சொல்லுவார்கள். அவ்வமைப்பையும், ஒவ்வொரு வகையறாவும் தன் கோயிலோடு கொண்ட தொடர்பையும், சொத்து, பாகம், மணம், மணவிலக்கு ஆகியவற்றையும் பொறுமையோடு விவரிக்கும் அந்நூலின் உயிர்நாடி, உறவுமுறை பற்றிய பகுதி. அந்நாளைய ஐரோப்பியப் பண்டிதர்கள் தாய்மாமனைத் தாயின் இரத்தத்தைச் சேர்ந்த உறவினன் என்றே கொண்டு, அவன் மகளை மணக்கும் வழக்கத்தை விசித்திரமாக நோக்கினார்கள். துய்மோன் உசிலம்பட்டிப் பக்கத்து விசேஷ வீடுகளில் அமர்ந்து சீர்வரிசையைக் கவனித்தார். பெண்ணைக் கொடுத்த வீடு அந்தக் கலியாணத்தோடு நிற்பதில்லை. முதற்பிள்ளைப் பேற்றுக்குச் செய்கிறது. அப்பிள்ளைக்குக் காது குத்தும்போது மாமன் மடியில்தான் உட்கார்த்த வேண்டும். பெண் சமைந்தால் மாமன் சீர் வந்தாக வேண்டும். கடைசியில் சாவு வீட்டுக்கும் பிறந்த வீட்டுக் கோடி வர வேண்டும். இந்தத் தொடர்ச்சியைக் கண்ட துய்மோன், தாய்மாமன் என்பவன் முதலில் என் தகப்பனுக்கு மைத்துனன்; அவர்களுக்குள் ஏற்பட்ட சம்பந்தமே எனக்கு மாமன் என்ற உறவாக வந்து சேருகிறது; நிலத்தையும் பெயரையும் பங்காளி வழியில் பெறுவதுபோலச் சம்பந்தத்தையும் ஒரு தலைமுறை மற்றொன்றுக்கு விட்டுச் செல்கிறது என்று கண்டுகொண்டார். 1953இல் திராவிட உறவுமுறைப் பெயர்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை உலகத்து மானிடவியலாரின் சிந்தனையையே திருப்பியது. பங்காளி ஒரு பக்கம், மாமன் மச்சான் ஒரு பக்கம் என்று எந்தத் தமிழ்க் கிழவியும் ஒரு நொடியில் சொல்லிவிடக்கூடிய விஷயம்தான் அது. அதை அவள் சொன்னபடியே எடுத்துக்கொண்டு, அதற்குள் ஒரு முழுத் தத்துவம் இருக்கிறது என்று நம்பியதே அவருடைய பெருமை.

வழிபாட்டிலும் அவ்வாறே. ஒரே கோயிலில் சைவப் படையல் ஏற்கும் தெய்வங்களும் கிடா ஏற்கும் தெய்வங்களும் சேர்ந்திருப்பதையும், கருப்பனுக்குக் கிடா வெட்டும் நேரத்தில் அய்யனார் சந்நிதியில் திரை போடுவதையும் முந்தியவர்களும் கண்டிருக்கிறார்கள். கண்டவர்கள் அய்யனார் யார், எந்தப் புராணத்திலிருந்து வந்தார் என்றே ஆராய்ந்தார்கள். தனித்தெய்வமாக எடுத்து ஆராய்ந்தால் அய்யனார் விளங்க மாட்டார், பக்கத்தில் நிற்கும் கருப்பனோடு வைத்துப் பார்த்தால்தான் இருவரும் விளங்குவர் என்று துய்மோன் எடுத்துக்காட்டினார். அந்தத் திரை, தூய்மை, தீட்டு என்பவற்றைப் பற்றிய அவருடைய பிற்காலச் சிந்தனைக்கெல்லாம் தொடக்கமாயிற்று.

அவரிடம் குறை இல்லாமல் இல்லை. சாதி முழுவதையும் தூய்மை என்ற ஒரே தத்துவத்தால் விளக்கி 1966இல் அவர் எழுதிய பெருநூல், மேலே இருப்பவரின் பார்வையையே சமூகம் முழுவதன் பார்வையாகக் கொண்டுவிட்டது என்று பலர் கண்டித்தார்கள், அக்கண்டனம் நியாயமானது. உசிலம்பட்டி நாட்டை விட்டு எவ்வளவு தூரம் விலகிச் சிந்தித்தாரோ அவ்வளவுக்கு அவர் வாக்கு வலிவு குன்றியது என்றே எனக்குத் தோன்றுகிறது. முதல் நூலிலும் ரேகைச் சட்டத்தின் வடுவுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. குற்றப் பரம்பரை என்ற அந்தப் பட்டத்தையே விசாரணைக்கு எடுத்துக்கொண்டு ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் கட்டுரை எழுத 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கில் அதே சமூகத்தாரோடு பழகிய ஆனந்த் பாண்டியன், அச்சட்டமும் சீர்திருத்தப் பள்ளியும் விவசாயமும் ஒரு மக்களின் ஒழுக்க உணர்ச்சியை எவ்வாறு வடித்தன என்பதை 2009இல் விரிவாக எழுதினார். தாய்மாமன் முறையில் கொள்வினை கொடுப்பினை செய்யும் வழக்கம் படிப்பாலும் உத்தியோகத்தாலும் தளர்ந்து வருவதை, பிற்காலத்தில் மதுரைப் பக்கம் வந்து தங்கிய இசபெல் கிளார்க்-தெசே என்ற பெண்மணி பதிவு செய்தார்.

நகரத்துக்குள் நடந்த ஆராய்ச்சிகளைச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். 1976இல் மீனாட்சியம்மன் கோயிலுக்கு வந்த கிறிஸ்டபர் புல்லர், மூர்த்தியையும் சிற்பத்தையும் விட்டுவிட்டுப் பட்டர்மாரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டார்: முறை எப்படிப் பங்கிடப்படுகிறது, தட்டில் விழுவது எவ்வளவு, 1939 ஜூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசத்தின்பின் பூஜைக்கு வர மறுத்து நின்ற பட்டர்கள் அடைந்த நிலை என்ன என்பன போன்றவை. முதல் நூலில் தாழ்ந்து வரும் ஒரு வகுப்பாக அவர்களைச் சித்திரித்தவர், பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து, ஆகமப் பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்பி அவர்கள் மீண்டும் தலைநிமிர்ந்ததை 2003இல் இரண்டாம் நூலாக எழுதினார். வந்த ஊருக்கே திரும்பி வருகிறவரைத்தான் நாம் நம்பலாம். மதுரை ஏழைமக்களுக்குச் சினிமா என்னவாக இருக்கிறது என்பதை எண்பதுகளில் சாரா டிக்கி தெருக்களில் பழகி எழுதினார். சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்த பாதையில் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு ஊர் ஊராகப் போகும் ஸ்பெஷல் நாடக நடிகர்களை, அதிலும் நடிகைகளை, ஊர் எப்படி வேண்டவும் செய்கிறது, விலக்கவும் செய்கிறது என்பதை சூசன் சைசர் 2005இல் வெளிவந்த நூலில் ஆராய்ந்தார்.

இவ்வளவு பேர் வெளியிலிருந்து வந்து எழுதியிருக்க, நம்மவர் என்ன செய்தார்கள் என்ற கேள்வி எழுவது இயல்பே. அதற்கு நான் தயக்கமின்றிக் காட்டும் விடை, தொ. பரமசிவனுடைய 'அழகர் கோயில்'. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் செய்த அவ்வாராய்ச்சியை அப்பல்கலைக்கழகமே 1989இல் நூலாக வெளியிட்டது. பாளையங்கோட்டையில் பிறந்து, மதுரைத் தியாகராசர் கல்லூரியில் ஆசிரியராக இருந்து, பின்னர் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் தமிழ்த்துறைத் தலைவராக விளங்கி, 2020 டிசம்பர் 24இல் மறைந்த அவர், கோயிலாராய்ச்சி என்றால் கல்வெட்டும் கட்டடக்கலையும் பாசுரமும் என்று இருந்த வழக்கத்தை மாற்றி, கோயிலைச் சுற்றி வாழும் ஜனங்களிடமிருந்து கோயிலைப் பார்த்தார்.

சித்திரைத் திருவிழாவை மதுரையார்க்கு விவரிக்க வேண்டியதில்லை. எனினும் இரு கதைகளை அடுத்தடுத்து வைத்தால்தான் அவர் செய்த காரியம் விளங்கும். அழகர் மலையை விட்டு வைகைக்கு வருவது, தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்குச் சாபவிமோசனம் தருவதற்காக என்பது கோயிலார் சொல்லும் காரணம். தங்கை மீனாட்சியின் கலியாணத்துக்குச் சீர் கொண்டு வந்த அண்ணன், தான் வருமுன் தாலி கட்டி முடிந்தது என்று கேள்வியுற்று, ஊருக்குள் நுழையாமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்பது ஜனங்கள் சொல்லும் காரணம். திருமலை நாயக்கர் காலத்துக்கு முன்பு மீனாட்சி கல்யாணம் மாசியில் நடந்ததென்றும், அழகர் சோழவந்தானுக்கு அருகே தேனூரில் ஆற்றில் இறங்கினார் என்றும், இரண்டையும் ஒரே பருவத்தில் மதுரையில் இணைத்தவர் அம்மன்னரே என்றும் வழிவழியாகச் சொல்லுகிறார்கள். வண்டியூரில் முனிவருக்கு மோட்சம் தரும் மண்டபம் இன்றும் தேனூர் மண்டபம் என்றே வழங்குகிறது. ஆகவே அண்ணன் கோபித்துத் திரும்பிய கதை பிற்காலத்தில் பிறந்தது என்பது தெளிவு. அதனால் அது பொய்க்கதை என்று ஒதுக்குவோர் உண்டு. பரமசிவன் அவ்வாறு ஒதுக்கவில்லை. சைவக் கோயிலொன்றையும் வைணவக் கோயிலொன்றையும் அரசன் ஆணையால் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தலாம். அவ்விரண்டையும் ஒரு குடும்பமாக்கியது, அண்ணன் சீர் கொண்டு வராமல் தங்கை கலியாணம் நடக்கலாகாது என்னும் குடியானவர்களின் நியாயம். துய்மோன் உசிலம்பட்டிப் பக்கத்தில் கண்ட அதே சீர்வரிசை, இங்கே தெய்வங்களுக்கிடையிலும் சென்று நிற்பதைக் காணுங்கள்.

பரமசிவன் கேட்டவர்கள் யார் என்பது அதைவிட முக்கியம். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையன்று உருமாலும் சல்லடமும் கச்சையும் அணிந்து, ஆட்டுத்தோல் பையிலிருந்து சுவாமிமீது தண்ணீர் பீய்ச்ச வருகிறவர்களும், திரியேந்தி ஆடுகிறவர்களும், சாட்டையடித்துக்கொள்ளுகிறவர்களும் எந்த ஊரார், எந்தக் குலத்தார், எத்தனை தலைமுறையாக வருகிறார்கள், யாரிடம் முத்திரை பெற்றார்கள் என்று ஆளாளாக விசாரித்தார். தேர்வடம் பற்றும் மேலநாட்டுக் கள்ளர், இடையர், வலையர், பள்ளர், பறையர் ஆகிய ஒவ்வொரு சமூகத்துக்கும் அக்கோயிலோடு உள்ள தொடர்பை எழுதினார். இராத்திரி முழுவதும் அழகர் வர்ணிப்புப் பாடும் வர்ணிப்பாளரைப் புலவர் வரிசையில் வைத்து மதித்தார். ராஜகோபுரத்துக் கதவிலேயே குடிகொண்ட பதினெட்டாம்படிக் கருப்பனுக்கும், உள்ளே இருக்கும் மூலவர் பரமசாமிக்கும் சம மரியாதையோடு பக்கங்கள் ஒதுக்கினார். அக்கோயிலுக்கு உண்டென்று மயிலை சீனி. வேங்கடசாமி சொல்லிய பௌத்தத் தொடர்பையும் விடாமல் ஆராய்ந்தார். இவற்றையெல்லாம் இந்நாட்டு ஜனங்கள் வாசிக்கக்கூடிய தமிழில் எழுதினார். இதைத்தான் நான் அவருடைய முதற்சிறப்பாகச் சொல்லுவேன். தண்ணீர் பீய்ச்சிய ஒருவருடைய பேரன் அந்நூலை எடுத்துப் படித்து, இது சரி, இது தவறு என்று சொல்ல முடியும். நெல்சனுக்கும் தர்ஸ்டனுக்கும் அத்தகைய வாசகர் எதிரே இருந்ததில்லை. துய்மோன் வாழ்ந்த ஊராருக்கோ, அவர் தம்மைப்பற்றி என்ன எழுதினார் என்பது எட்டாத பாஷையில் இருந்தது.

இந்தப் பாதையில் சொல்லத்தக்க மற்றொரு நூல் உண்டு. பர்மாவிலிருந்து யுத்தகாலத்தில் திரும்பி, மதுரையில் பழ வியாபாரம் செய்து குடும்பத்தை வளர்த்த எம். பி. மாரியப்பன் என்ற முதியவரின் வாழ்க்கையை, அவருடைய பேரனாகிய முன்சொன்ன ஆனந்த் பாண்டியன் உட்கார்ந்து கேட்டு எழுதி, 'மிச்சம் மீதி' என்ற பெயரில் இருவரும் சேர்ந்து தமிழில் வெளியிட்டார்கள். சொன்னவர் பெயர் எழுதியவர் பெயரோடு அட்டையிலேயே நிற்கிறது. கமிஷன் வியாபாரமும் கடனும் கலியாணச் செலவும் நிறைந்த அந்தச் சாதாரண வாழ்க்கையில், ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. புதுமண்டபத்தில் தலைமுறை தலைமுறையாகத் தையல் இயந்திரம் போட்டுத் தைத்தவர்கள் அங்கிருந்து வெளியேறிவிட்டார்கள். சுங்குடிச் சேலைக்கு விரல் நுனியால் முடிச்சிடத் தெரிந்த சௌராஷ்டிரப் பெண்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். மல்லிகைத் தோட்டத்தில் விடியுமுன் மொட்டுப் பறிக்கிறவர்களின் கூலிக்கணக்கும் பேச்சும் பாட்டும் எந்த ஏட்டிலும் முழுமையாக ஏறவில்லை. மதுரையைச் சுற்றிய கல்லூரிகளில் தமிழும் சரித்திரமும் சமூகவியலும் படிக்கும் மாணவர்கள் இவர்களிடம் சென்று, அவசரமின்றி உட்கார்ந்து, கேட்டு எழுத வேண்டும். பட்டம் பெற்றபின் அந்த ஆய்வேட்டைப் பல்கலைக்கழக நூலகத்தின் அலமாரியில் உறங்க விட்டுவிடாமல், ஒரு பிரதியைச் சொன்னவர்களின் ஊர் நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுக்குமுன் அவர்களுக்கு அதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.